கட்டற்ற மென்பொருளும் வளாகக் கட்டுப்பாடும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வேண்டுமானால், கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலில் இடம்பெறும் செயலியும் இருந்தாக வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டு இன்றும் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரி ஆய்வகக் கணினிகள் பலவும் இந்த வரையறைக்குள் வரமாட்டா. கணினி கெடவில்லை, அதை இயக்கும் மென்பொருளுக்கான ஆதரவுதான் முடிந்துவிட்டது.

இந்நிலையில் ஒரு கல்வி நிறுவனத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினிகளை வாங்கலாம். பணம் செலுத்தி, மேலும் மூன்றாண்டுகளுக்குப் புதுப்பிப்புகளைப் பெறலாம். அல்லது அதே கணினிகளில் லினக்ஸ் போன்றதொரு கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியின் விலைப்பட்டியல் பொருளியல் படித்தவர்களின் கவனத்தை ஈர்க்கக்கூடியது. வணிக நிறுவனங்களுக்கு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். கல்வி நிறுவனங்களுக்கோ முதலாண்டில் ஒரு டாலர், இரண்டாமாண்டில் இரண்டு டாலர், மூன்றாமாண்டில் நான்கு டாலர். ஒரே சேவைக்கு ஏன் இத்தனை வேறுபாடு? வாங்குவோரின் செலுத்தும் திறனுக்கேற்ப விலையை மாற்றி நிர்ணயிப்பது சந்தையில் வழக்கமான உத்தி. கல்விச்சாலைகளைப் பொருத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. இன்று ஆய்வகத்தில் ஒரு மென்பொருளில் கைபழகும் மாணவர், நாளை தாம் பணிபுரியும் அலுவலகத்திலும் அதையே கேட்பார். கல்விக்குத் தரும் தள்ளுபடி, வருங்கால வாடிக்கையாளரை உருவாக்குவதற்கான முதலீடும் ஆகும். இதில் நிறுவனத்தின் மீது குறை காண ஒன்றுமில்லை. அது தன் வணிகத்தைச் செய்கிறது. பல்கலைக்கழகம் தன் கடமையைச் செய்கிறதா என்பதே கேள்வி.

மூன்றாவது வழியை நம் வளாகங்கள் ஏன் முனைப்போடு பரிசீலிப்பதில்லை? பழக்கத்தின் பிடி ஒரு காரணம். பயிற்சி பெற்ற பணியாளர் இல்லாதது மற்றொன்று. பொதுவெளியில் அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணமும் உண்டு. கட்டற்ற மென்பொருளின் குறுக்கே பல நேரங்களில் நிற்பது, பல்கலைக்கழகம் தானே எழுதி வைத்துக்கொண்டிருக்கும் கணினி வலையமைப்புக் கொள்கைதான்.

ஊக்கம் ஒரு வரியில், தடை பல விதிகளில்

தகவல் தொழில்நுட்பக் கொள்கை என்ற ஆவணம் இன்று ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. நாக் எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் மதிப்பீட்டுக்கும் இது தேவைப்படுகிறது. இவற்றில் பல, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதோ என்று எண்ணுமளவுக்கு ஒரே வாசகங்களைக் கொண்டுள்ளன. இயன்ற இடங்களிலெல்லாம் லினக்ஸ், ஓப்பன் ஆஃபீஸ் போன்ற திறமூல மென்பொருள்களைப் பயன்படுத்துமாறு பயனாளர்களைப் பல்கலைக்கழகம் ஊக்குவிக்க வேண்டும் என்ற கருத்தும் அவற்றில் பலவற்றில் காணப்படுகிறது. ஓப்பன் ஆஃபீஸிலிருந்து லிப்ரே ஆஃபீஸ் பிரிந்து வந்தது 2010-இல். அதன்பின் வளர்ச்சியெல்லாம் பெரும்பாலும் லிப்ரே ஆஃபீஸில்தான் நடைபெற்று வருகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கொள்கை ஆவணங்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருப்பது, அந்த வரியை எழுதியவர்களும் ஏற்றவர்களும் அதை எந்த அளவுக்குச் செயல்படுத்த எண்ணினார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஊக்கமளிக்கும் அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் உள்ள விதிகளைப் படித்தால் நிலைமை புரியும். வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கணினியிலும் கணினி மையம் தெரிவுசெய்த வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. மையம் வாங்கியிருப்பதோ விண்டோஸுக்கான உரிமம் மட்டும். லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியோடு வரும் மாணவர் இந்த விதியை நிறைவேற்ற வழியே இல்லை.

அடுத்தது வலைவாயில்கள் பற்றிய கட்டுப்பாடு. இணையப் பக்கங்களைப் பார்ப்பதற்குரிய 80, 443 ஆகிய எண்களைத் தவிர ஏனைய போர்ட்டுகளைப் பல வளாகங்களின் ஃபயர்வால்கள் மூடிவிடுகின்றன. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளவும், நிரல்களைக் கூட்டாக எழுதவும் பயன்படும் எஸ்எஸ்எச் நெறிமுறைக்கு உரியது 22-ஆம் எண். அதுவும் சேர்ந்து மூடப்படுகிறது. டொரன்ட் முறையிலான கோப்புப் பகிர்வு முற்றிலும் தடைசெய்யப்படுகிறது. திரைப்படத் திருட்டைத் தடுப்பது அதன் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால் லினக்ஸ் வெளியீடுகள் பலவும் தங்கள் நிறுவல் கோப்புகளை அதே முறையில், முழுச் சட்டத் தகுதியோடு வழங்கிவருகின்றன. வலையமைப்பைச் சோதிக்கும் என்மேப், வயர்ஷார்க் போன்ற கட்டற்ற கருவிகளை வைத்திருப்பதே விதிமீறல் என்று சில ஆவணங்கள் கருதுகின்றன. கணினி வலையமைப்புப் பாடத்தின் செய்முறை வகுப்பில் அதே கருவிகளைக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் விநோதமானது உரிமம் பற்றிய விதி. 'உரிமம் பெற்ற மென்பொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்று அது சொல்கிறது. சொல்லளவில் நல்ல விதிதான். நடைமுறையில், உரிமத்துக்குச் சான்றாக வாங்கிய ரசீதைக் கேட்கிறார்கள். விலை கொடுத்து வாங்காத மென்பொருளுக்கு ரசீது ஏது? ரசீது இல்லாததால் அது உரிமமற்ற மென்பொருளின் வரிசையில், திருட்டுப் பிரதிக்கு அருகில், வைக்கப்படுகிறது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

இந்தக் குழப்பத்துக்கு மொழியும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. நமக்கு 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. ஆயினும் நம் கொள்கை ஆவணங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், அந்தக் குழப்பமும் உடன் வந்து சேர்ந்துவிடுகிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்ததிலிருந்து வளர்ந்த இயக்கம், கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு உரிமைகளை அடையாளமாகச் சொல்கிறது. எந்த நோக்கத்துக்காகவும் அதை இயக்கலாம். அதன் மூல நிரலைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றலாம். பிரதியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். மாற்றிய வடிவத்தையும் பகிரலாம். 1989-இல் வெளியான குனு பொது உரிமம் இவற்றைச் சட்ட மொழியில் உறுதிசெய்தது. அந்த உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தின் மீதுதான் நிற்கிறது. மாற்றிய மென்பொருளைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூல நிரலையும் வழங்க வேண்டும் என்ற கடமையையும் அது விதிக்கிறது. ஆகவே கட்டற்ற மென்பொருளும் முறையான உரிமம் பெற்ற மென்பொருளே. அதன் உரிமம் ரசீதில் இல்லை, மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு மாறாக, விலையின்றிக் கிடைக்கும் எல்லாமே கட்டற்றவை அல்ல. கூகுள் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பிடத்தை ஒரு காலத்தில் இலவசமாகத் தந்தது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் மின்னஞ்சலையும் ஆய்வுத் தரவுகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. 2021 பிப்ரவரியில் அந்தச் சலுகை முடிவுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூலை முதல், ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்பது அடிப்படை வரம்பாயிற்று. ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கொண்ட பல்கலைக்கழகங்கள் தரவுகளை அழிப்பதா, நகர்த்துவதா, பணம் கட்டுவதா என்று திணறின. விலை சுழியமாக இருந்தபோதும், வெளியேறுவதற்கான செலவு மிகப் பெரிதாக இருந்தது. பொருளியலில் இதை மாறுகைச் செலவு என்கிறோம். கொள்முதல் குழுக்கள் வாங்கும் விலையை ஒப்பிடுகின்றன. வெளியேறும் விலையை எந்த ஒப்பந்தப்புள்ளி அட்டவணையிலும் காண முடிவதில்லை.

வெளியேற முடியாத நிலையின் அபாயத்தை 2025 ஜூலையில் நடந்த இன்னொரு நிகழ்வும் உணர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை அடுத்து, இந்தியாவில் இயங்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. பின்னர் சேவை மீண்டும் வழங்கப்பட்டது. அந்தத் தடைகளின் நியாயம் இங்கே விவாதப் பொருளன்று. பணம் செலுத்திப் பெற்ற சேவையும் நமக்குச் சம்பந்தமற்ற ஓரிடத்தில் எடுக்கப்படும் முடிவால் நின்றுபோகலாம் என்பதுதான் கவனிக்கத்தக்கது. உள்நாட்டு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறிவிட்டால் போதும் என்ற குரல் இப்போது ஓங்கி ஒலிக்கிறது. அதனால் சில அபாயங்கள் குறையும் என்பது உண்மையே. ஆனால் மூல நிரல் மூடப்பட்டிருக்கும்வரை, பூட்டின் சாவி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகிறதே தவிர, பயனாளரிடம் வருவதில்லை.

இந்தப் பூட்டின் தன்மை தமிழ்த் துறையினருக்குப் புதிதன்று. 1990-களில் தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட எத்தனையோ ஆய்வேடுகள், அந்தந்த நிறுவனங்களின் தனித்தனி எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பிறகுதான் அந்த அவலம் படிப்படியாகக் குறைந்தது. பொதுவான, திறந்த தரம் ஒன்று இல்லாவிடில் நம் எழுத்தே நமக்கு அந்நியமாகும் என்பதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் பெற்ற பிள்ளை

கட்டற்ற மென்பொருளை வளாகத்துக்கு வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருளாகக் கருதும் மனப்பாங்கு வரலாற்றை அறியாததன் விளைவு. இணையத்தின் அடித்தளமான டிசிபி/ஐபி நெறிமுறையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பு. இணைய முகவரிகளைக் கண்டறிய உதவும் பைண்ட் மென்பொருளும் அங்கேதான் பிறந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். கணித நூல்களை அச்சிடப் பயன்படும் டெக் மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். இன்று புள்ளியியல் ஆய்வின் பொதுமொழியாகிவிட்ட ஆர், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரு ஆசிரியர்கள் தொடங்கிய முயற்சி. இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா களஞ்சியம், திறமூல மென்பொருளான டிஸ்பேஸ் மீது இயங்குகிறது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் தொடங்கின. இந்திய மொழிகளுக்கு ஏற்ற பாஸ் லினக்ஸ் இயங்குதளம் அந்த முயற்சியின் விளைவாக வெளிவந்தது. மும்பை ஐஐடி-யின் ஃபாசி திட்டம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியுதவியோடு, விலையுயர்ந்த பொறியியல் மென்பொருள்களுக்கு மாற்றாக சைலேப் முதலிய கருவிகளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்கிறது. ஒரு கையால் அரசுப் பணத்தைச் செலவிட்டு வளர்ப்பதை, மறு கையால் வளாக விதி ஒன்று தடுத்து நிறுத்துகிறது.

சரிபார்க்க முடியாத ஆய்வு

பல்கலைக்கழகம் ஏனைய அலுவலகங்களிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. ஒரு முடிவை எப்படி எட்டினோம் என்பதைப் பிறர் சரிபார்க்கும்படி வெளிப்படுத்துவதே ஆய்வின் உயிர். பொருளியலில் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு இது. அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி கடுமையாகச் சரியும் என்று கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இருவரும் 2010-இல் எழுதினர். பல நாடுகளின் சிக்கனக் கொள்கைக்கு அந்தக் கட்டுரை ஆதாரமாயிற்று. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களது கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அந்தப் பிழையையும், தரவுத் தெரிவிலும் எடையிடலிலும் இருந்த குறைகளையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 விழுக்காடு என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது.

பிழை மென்பொருளுடையது அன்று, பயன்படுத்தியவர்களுடையது. ஆனால் கணக்கிட்ட வழி கைக்குக் கிடைத்ததால்தான் ஒரு மாணவரால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. தரவும், கணக்கிடும் நிரலும், அந்த நிரலை இயக்கும் மென்பொருளும் எல்லோருக்கும் எட்டுமாறு இருந்தால், நிதிவசதியற்ற கல்லூரியின் மாணவர்கூட உலகின் புகழ்பெற்ற பேராசிரியரின் முடிவைச் சோதித்துப் பார்க்கலாம்.

நான் பணியிலிருந்த காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். காவிரிப் படுகைக் கிராமங்களின் குடும்பக் கடன் பற்றி ஆய்வு செய்த மாணவி ஒருவர், துறை ஆய்வகத்திலிருந்த விலையுயர்ந்த புள்ளியியல் மென்பொருளில் தம் கணக்குகளைச் செய்திருந்தார். ஆய்வேட்டை அளித்து ஊர் திரும்பிய பின், ஒரு மதிப்பீட்டை வேறு முறையிலும் செய்து காட்டுமாறு தேர்வாளர் கேட்டார். அதற்குள் உரிமத்தின் காலம் முடிந்திருந்தது. புதுப்பிப்பதற்கான கோப்பு அலுவலகத்தில் காத்திருந்தது. சொந்தமாக வாங்க அவருக்கு வசதியில்லை. திருட்டுப் பிரதி ஒன்றை நிறுவிக்கொள்ளுமாறு நண்பர்கள் யோசனை கூறினர். அவர் அதை மறுத்து, ஆர் மென்பொருளை இரண்டு மாதங்களில் கற்றுக்கொண்டு கணக்கை முடித்தார். அந்த மடிக்கணினியில் லினக்ஸ் இருந்ததால் வளாக வலையமைப்பில் அதை இணைக்க அனுமதி கிடைக்கவில்லை. தேவையான நிரல் தொகுப்புகளைத் தம் கைப்பேசி இணைப்பின் வழியே பதிவிறக்கிக்கொண்டார்.

திருட்டுப் பிரதியைத் தடுப்பதே அந்த விதியின் நோக்கம். நேர்மையான வழியைத் தேர்ந்த மாணவிக்குத்தான் அது கதவடைத்தது. அவரை நான் வாழ்த்தினேன். விதியை மாற்றுவதற்குப் போதிய அளவு முயலவில்லை என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

கணினி மையத்தின் அச்சம்

மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். கணினி மையத்தின் பொறுப்பாளர் காரணமின்றி அஞ்சுவதில்லை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணையின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பேண வேண்டும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தத்தம் கருவிகளோடு இணையும் வலையமைப்பில், ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி இருந்தால் நிர்வகிப்பது எளிது என்று அவர் நினைப்பது இயல்பு.

கட்டற்ற மென்பொருள் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் புகுத்தியிருந்த கள்ள வழி கண்டுபிடிக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களைத் திறந்துவிடக்கூடிய வழி அது. தொலைவழி நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்து, மூல காரணத்தைத் தேடிச் சென்றதால் பேராபத்து விலகியது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. அதே வேளையில், உலகம் முழுவதும் சார்ந்திருந்த அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒற்றை ஆளாக ஒரு தன்னார்வலர் பராமரித்து வந்தார் என்பதும், அவருடைய களைப்பைப் பயன்படுத்தித்தான் சூழ்ச்சிக்காரர் உள்ளே நுழைந்தார் என்பதும் மறக்கக்கூடாதவை. எல்லோரும் நுகர்ந்து எவரும் செலவைப் பகிராத பொதுப் பொருளுக்கு நேரும் கதி அது.

ஆனால் விலை கொடுத்து வாங்கியது என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களில் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி இருப்பதன் மறுபக்கம் இது. ஒரே இரகத்தை மட்டும் பயிரிட்ட வயலில் நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை உழவர்கள் அறிவார்கள்.

ஆகவே, இணையும் கணினியில் எந்த நிறுவனத்தின் இயங்குதளம் உள்ளது என்பதைவிட, அதைப் பயன்படுத்துபவர் யார், அது புதுப்பிக்கப்பட்டுள்ளதா, வலையமைப்பில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பியக் கல்வி நிறுவனங்களில் தொடங்கி உலகெங்கும் பரவிய எடுரோம் இணைப்பு, இந்தியாவிலும் எர்நெட் அமைப்பின் வழியாகக் கிடைக்கிறது. ஒரு பல்கலைக்கழக மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், தம் சொந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கொண்டே அங்கு இணைய முடியும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்ற பேதம் அதற்கு இல்லை. இணைந்தவர் யார் என்பது பதிவாகிவிடுவதால் பொறுப்பும் நிலைநாட்டப்படுகிறது.

மாற வேண்டியவை

ஒரே நாளில் எல்லாக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்ற வேண்டும் என்று கோருவது விவேகமாகாது. ஜெர்மனியின் மூனிக் நகராட்சி பத்தாண்டு உழைப்பில் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பின்னர் 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அரசியல் ஆதரவும் நிர்வாக ஒழுங்கும் தொடர்ந்து இல்லாவிட்டால் தொழில்நுட்பம் மட்டும் நிலைக்காது என்பது அதன் பாடம். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 அரசுக் கணினிகளில் லிப்ரே ஆஃபீஸைக் கொண்டுவர 2024-இல் முடிவெடுத்தது. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் நடைபெறுகிறது. அங்கே முதலில் பயிற்சி பெற்றவர்கள் ஆசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் உடனடியாகச் செய்யத்தக்கவை சில உள்ளன. முதலாவது, உரிமம் என்பதற்கான வரையறையைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட கட்டற்ற உரிமங்களையும் வெளிப்படையாகச் சேர்ப்பது. ரசீது கேட்கும் வழக்கம் இதனால் முடிவுக்கு வரும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

இரண்டாவது, காரணம் கூறும் பொறுப்பை இடம் மாற்றுவது. மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை, கொள்முதலின்போது திறமூல மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. அதைத் தவிர்த்தால் அதற்கான காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. வளாகங்களில் நடப்பதோ தலைகீழ். கட்டற்ற மென்பொருளைக் கேட்பவர்தான் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. 2015 கொள்கையின் அந்த விதியைப் பல்கலைக்கழகங்களும் தமதாக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, லினக்ஸ் வெளியீடுகளின் பிரதிக் களஞ்சியம் ஒன்றை வளாகத்துக்குள்ளேயே வைப்பது. ஐஐடி கான்பூர் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்துவருகின்றன. மாணவர்கள் வெளி இணையத்தை நாடாமலே மென்பொருளையும் புதுப்பிப்புகளையும் பெறலாம். இணையச் செலவு குறையும். டொரன்ட் தடையால் எழும் சிக்கலும் தீரும்.

நான்காவது, வலையமைப்புப் பாதுகாப்பைக் கற்பிப்பதற்கென முதன்மை வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட ஓர் ஆய்வகத் தளத்தை ஒதுக்குவது. அங்கே எந்தக் கருவியையும் ஆசிரியரின் மேற்பார்வையில் கற்கலாம். தவறாகப் பயன்படுத்துவதைத் தண்டிக்கலாம். கருவியை வைத்திருப்பதைக் குற்றமாக்கக் கூடாது.

ஐந்தாவது, பல்கலைக்கழகம் தன் சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் ஆய்வேடுகளையும் திறந்த கோப்பு வடிவங்களில் வெளியிடுவதும் பெறுவதும். எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்ற உரிமை, கோப்பைத் திறக்க முடியாதபோது பொருளற்றதாகிவிடும்.

ஆறாவதும் முக்கியமானதும் நிதி பற்றியது. உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை முழுவதையும் இலாபம் என்று கருதினால், முயற்சி ஓரிரு ஆண்டுகளில் தோற்கும். அதில் ஒரு பகுதியைப் பணியாளர் பயிற்சிக்கும், லினக்ஸ் அறிந்த தொழில்நுட்பர்களை நியமிப்பதற்கும், நாம் சார்ந்திருக்கும் மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிப்பதற்கும் ஒதுக்க வேண்டும். பணம் தர இயலாத கல்லூரிகள் மாணவர்களின் உழைப்பைத் தரலாம். பிழைகளைத் திருத்துவதும், ஆவணங்களைத் தமிழாக்குவதும், சோதித்துப் பார்ப்பதும் மதிப்பெண்ணுக்குரிய செய்முறைப் பணிகளாக ஏற்கப்படலாம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எடுத்துக்கொண்டே இருப்பதும், எதையும் திருப்பித் தராமலிருப்பதும் எந்தப் பொதுச் சொத்தையும் அழித்துவிடும். ஊர்ப் பொதுக் குளத்துக்குக் குடிமராமத்து முறையை வகுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-க்கான கட்டணப் புதுப்பிப்புகளும் 2028 அக்டோபரில் முடிந்துவிடும். ஒரு டாலர் கொடுத்துத் தள்ளிப்போடும் முடிவை அப்போது எடுத்தே ஆக வேண்டும். அந்த அவசரத்தில் புதிய கணினிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். பழையவை ஏலத்துக்குப் போகும். கொள்கை ஆவணத்தின் ஊக்க வரி அப்படியே இருக்கும். அதற்குள் கிடைத்திருக்கும் இந்த இடைக்காலத்தில், ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆய்வகத்தை மட்டுமாவது மாற்றிப் பார்த்து, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை, எங்கே பயிற்சி தேவை என்று குறித்து வைப்பது இயலாத காரியமன்று. கல்விக்குழுக்களும் ஆட்சிமன்றங்களும் முதலில் தங்கள் வலையமைப்புக் கொள்கையை எடுத்து, அந்த ஒரு வரியையும் அதைச் சூழ்ந்துள்ள விதிகளையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கட்டும். தம் சொந்தக் கணினியில் சட்டப்படி நிறுவிய மென்பொருளோடு ஒரு மாணவர் வளாகத்துக்கு வந்தால் அவரால் வலையமைப்பில் இணைய முடியுமா என்ற ஒரே கேள்விக்கு அந்த ஆவணம் 'ஆம்' என்று பதிலளித்தால் போதும். மற்றவற்றை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள்.